வீட்டுக்கு வந்த காமிரா

இப்பொழுதெல்லாம் குழந்தை பிறந்தால், பதினோராம் நாள் புண்யாஹவாசனத்துக்கு வாத்தியாரிடம் சொல்லும்போதே போட்டோகிராபரிடமும் சொல்லிவிடுகிறார்கள். அவர் கூடை, கம்பளி, பூத்துணி சகிதம் வீட்டுக்கே வந்து, தூங்கும் சிசுவைப் படம் பிடிக்கிறார். முதல் இரண்டு வாரங்களில் குழந்தை அதிகம் தூங்கும், கர்ப்பத்தில் இருந்தபடியே சுருண்டும் கிடக்கும் என்பதால் அந்த நாட்களையே இவர்கள் கேட்கிறார்கள். நம் பெரியவர்கள் குறித்த பதினோராம் நாளும் அதற்குள் வருவது தற்செயல்தான். அதில் விஞ்ஞானம் தேட வேண்டாம்.

ஸ்ரீவராகம், கோட்டைக்ககம், கரமனை, வலியசாலை கிராமத்து வீடுகளில் ரேழியிலும் கூடத்திலும் மாட்டியிருந்த பழைய படங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் கைக்குழந்தை அபூர்வம். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும், திருஷ்டி படும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ரசாயனம்.

1851-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். சுமார் கால் மணி நேரத்தில் எல்லாம் முடியவேண்டும். அதனால் போட்டோக்காரர் வெளியே போனால் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து செல்லவேண்டும். எதிரில் இருப்பவர் பல விநாடிகள் அசையாமல் இருக்கவேண்டும். எந்தக் குழந்தை இருக்கும்? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தாயாரையே துணியால் போர்த்தி ஆசனம் போல உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுத்திருக்கிறார்கள். படத்தில் குழந்தை தெரியும், பெற்றவள் தெரியமாட்டாள்!

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் வெளியிட்ட ஜெலட்டின் உலர் தகடு வந்த பிறகே நிலைமை மாறியது. தகட்டை முன்னதாகவே வாங்கி வைக்கலாம், எடுத்தபின் நிதானமாகக் கழுவலாம். காமிரா வீட்டுக்கு வந்தது இதனால்தான்.

திருவிதாங்கூரில் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்தவர் ஸக்கரியாஸ் டிக்ரூஸ். 1900-ஐ ஒட்டி அவர் எடுத்த இந்நாட்டுக் காட்சிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவை அரசாங்கத்துக்காக எடுத்தவை. வீட்டுக்குள் இருந்த தாயும் பிள்ளையும் வேண்டுமென்றால் ராஜா ரவிவர்மாவிடம்தான் போகவேண்டும். 1893-ல் அவர் தம் மகள் மகாபிரபாவையும் பேரனையும் மாதிரியாக வைத்து, அப்பா வருகிறார் என்று தாய் குழந்தைக்குக் காட்டுவதாக ஒரு படம் வரைந்தார். குழந்தை அசைந்தால் தூரிகைக்கு நஷ்டமில்லை.

பிற்பாடு நம் வீடுகளில் படமெடுப்பது ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. உள்ளே வெளிச்சம் போதாது. ஆகவே முற்றம், அல்லது திண்ணைக்கு முன்னால் தெரு. உச்சி வெயில் மூக்கின் கீழ் கறுப்பு நிழல் போடும் என்பதால் காலை வேளை. பின்னால் ஒரு வேஷ்டியோ ஜமுக்காளமோ கட்டுவார்கள். நாற்காலிகள் இரவல். பெரியவர் நடுவில், மாமிகள் மடிசாரில் பின்வரிசையில் நின்றபடி, பொடிசுகள் தரையில் சம்மணமிட்டு. "அசையப்படாது" என்ற அதட்டல்தான் அத்தனை முகங்களிலும் உறைந்திருக்கிறது. நம் முன்னோர் சிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல.

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆரம்பகாலத் தகடுகளுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. 1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் உணரச் செய்தார். எல்லா நிறத்தையும் உணரும் தகடு 1906-ல்தான் கடைக்கு வந்தது. அதன் பின்னும் பழைய வகை வெகுகாலம் விற்றது. ஆகவே பழைய படத்தில் அரக்குப் புடவை கறுப்பாகவும், நீலப்பட்டு வெளுப்பாகவும் விழுந்திருக்கும். நெற்றியில் கரிய பொட்டு இருந்தால் அது சாந்து என்று முடிவு கட்டாதீர்கள், குங்குமமாகவே இருக்கலாம்.

ஆனால் நெற்றியில் ஒன்றுமில்லாதவர்கள் எங்கே? பல குடும்பப் படங்களில் விதவைப் பாட்டிகள் இல்லை. மங்கள நாளில் எடுத்த படம், அவர்கள் அடுக்களையில் இருந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் அன்று காப்பி கொடுத்த கை ஒருவேளை அவர்களுடையது. அது முறை, ஆசாரம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முகம் எப்படி என்றே தெரியாமல் ஒரு கொள்ளுப்பாட்டிக்குத் திதி செய்யும் குடும்பங்கள் நம்மில் உண்டு.

இருக்கும் படங்களும் நில்லாது போலிருக்கிறது. கழுவும்போது ஹைப்போவை முழுக்க நீக்காவிட்டால், மிஞ்சிய கந்தகம் வெள்ளியைத் தாக்கிப் படம் மஞ்சளாகும். திருவனந்தபுரத்து மழைக்கால ஈரம் பூஞ்சையை வளர்க்கும். படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்கலாம். அகத்தை விற்று பெங்களூருக்கோ மும்பைக்கோ போகும்போது முதலில் பரணில் விடப்படுவது இந்தச் சட்டங்கள்தான்.

இன்றைய குழந்தைப் படத்துக்கு ஜன்னல் ஓர வெளிச்சமே தாராளம். பிறந்த சிசு சீக்கிரம் உடல் சூடு இழக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் கைகளை ஊன்றித் தலை தூக்கியதுபோல் வரும் படம், யாரோ தலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு தடவையாக எடுத்து ஒட்டியது. அதை வீட்டில் யாரும் முயலவேண்டாம். அன்று அகத்தில் உள்ள எல்லோரையும், அடுக்களையில் இருப்பவரையும் கூப்பிட்டு ஒரு படம் எடுங்கள். அச்சுப் போட்டு, பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், உறவு, தெரு, வருஷம் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

பழைய படத்தில் யார் யார் என்று சொல்லக்கூடியவர் எண்பது, தொண்ணூறு வயதில் உங்கள் குடும்பத்தில் எங்காவது ஒருவர் இருப்பார். பிரதியை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அவரிடம் போங்கள். பின்வரிசையில் இடது கோடியில் இருந்து ஆரம்பித்துக் கேளுங்கள்.