மண் உலையும் அதன் செலவும்

நைனார்பாளையத்திலிருந்து வடமேற்கே நோக்குவோருக்குத் தோன்றும் கல்வராயன் மலைத்தொடரை இன்று நாம் காடும் அருவியும் நிறைந்த மலை என்று மட்டுமே நினைக்கிறோம். ஆனால் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் தாலுகாக்களும், அவற்றுக்கு மேற்கே கஞ்சமலையையும் தீர்த்தமலையையும் உள்ளடக்கிய பழைய சேலம் ஜில்லாவும் இரும்பை உருக்கி உலகுக்கு அளித்த ஒரு தொழில்மண்டலத்தின் பகுதிகளாக நெடுங்காலம் விளங்கின. அத்தொழிலின் சரித்திரத்தைப் பேசுவோர் அதன் தொன்மையையும் எஃகின் கீர்த்தியையும் விஸ்தாரமாக வர்ணிப்பர். அந்த உலைகளை யார் கட்டினார்கள், உடைந்தபோது யார் செப்பனிட்டார்கள், அதற்கு என்ன செலவாயிற்று என்ற கேள்வியைக் கேட்போர் அரியர். உண்மையில் அத்தொழில் வாழ்ந்ததன் காரணமும் வீழ்ந்ததன் காரணமும் அந்தச் சிறிய கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன.

சங்கராபுரம் வட்டத்திலுள்ள மேல்சிறுவளூரில் எஃகு காய்ச்சிய மண்கிண்ணங்களாகிய மூசைகளின் உடைந்த துண்டுகள் குவியலாகக் கிடப்பதை உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து, 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் வாயிலாக அறிஞர் உலகுக்கு அறிவித்தார். ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று வழங்கியதும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆராய்ச்சிக்கு விஷயமானதும், பின்னர் மைக்கேல் பாரடே போன்ற மேதையையே பரிசோதனையில் ஈடுபடுத்தியதுமான அந்த எஃகு, நம்முடைய மலையடிவாரத்து ஊரொன்றிலும் காய்ச்சப்பட்டது என்பதற்கு அம்மூசைத் துண்டுகள் பிரத்தியட்சப் பிரமாணமாக நிற்கின்றன.

அக்காலத்து இரும்பு உருக்கும் உலையின் அமைப்பைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். நாலு அல்லது ஐந்து அடி உயரம், அடியில் இரண்டடியும் உச்சியில் ஓரடியும் விட்டம், முழுவதும் களிமண். இரண்டு ஆட்கள் சில மணி நேரத்தில் எழுப்பிவிட்டால் மறுநாளே அதில் நெருப்பிடலாம். முன்புறத்தில் ஓரடிக்குச் சற்று அதிகமான உயரமுள்ள ஒரு வாய் உண்டு. உருக்கத் தொடங்கும்போது அவ்வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஆட்டுத்தோலால் ஆன இரண்டு துருத்திகளை மாறிமாறி மிதித்தோ அழுத்தியோ, மூங்கில் முனையும் மண்குழாயும் வழியாக இடைவிடாது காற்றைச் செலுத்துவார்கள். இடித்துப் புடைத்த கனிமத்தையும் கரியையும் மேலிருந்து மாற்றிமாற்றி இட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழிந்தபின் அடைத்த வாயை உடைத்து, உள்ளே திரண்டிருக்கும் செந்நிற இரும்புப் பிண்டத்தை இழுத்து வெளியே எடுத்துச் சம்மட்டியால் அடித்துக் கசட்டைப் பிரிப்பார்கள்.

இங்கே வாசகர் சற்று நின்று கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த உலை ஒவ்வொரு முறையும் உடைக்கப்படுவதற்கென்றே கட்டப்பட்டது. பழுது என்பது அதற்கு எதிர்பாராமல் நேரும் ஆபத்தன்று. வேலையின் ஓர் அங்கம். நெருப்பால் வெடித்த சுவரை மறுநாள் காலையில் களிமண் பூசி அடைப்பதும், உருகி ஒழிந்த காற்றுக்குழாயை எடுத்துவிட்டுப் புதிய குழாயைப் பொருத்துவதும் அடுப்படியை மெழுகுவதைப்போல அன்றாடக் காரியங்கள். மண் ஏரிக்கரையில் கிடைத்தது. துருத்தியின் தோலைத் தவிர வேறெதையும் விலைக்கு வாங்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்கவில்லை. மூசையும் அப்படித்தான்: தீயைத் தாங்கும் களிமண்ணோடு கரியான உமியைக் கலந்து பிசைந்து கையால் வனைந்து, அதனுள் இரும்புத் துண்டுகளோடு ஆவாரைக் குச்சியையும் எருக்கிலையையும் வைத்து மூடி, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால் எஃகு விளைந்துவிடும். எஃகை எடுக்க மூசையை உடைத்தே தீரவேண்டும். மேல்சிறுவளூர்க் குவியல் அவ்வாறு உடைத்தெறிந்த மூசைகளின் குவியலேயாம்.

இந்த உலைகளில் குறைகளும் இருந்தன. கனிமத்திலுள்ள இரும்பில் பெரும்பகுதி கசட்டோடு கழிந்துபோயிற்று. விளைந்த இரும்பின் அளவுக்குச் செலவான கரியோ மிக அதிகம். ஹீத் இந்தக் குறைகளைக் கண்டு, பெரிய உலைகளை அமைத்தால் இரும்பு மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும் என்று திடமாக நம்பினார். கிழக்கிந்தியக் கும்பினியின் சிவில் உத்தியோகத்தைத் துறந்து, சர்க்கார் கொடுத்த கடனுதவியோடு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையை நிறுவினார். கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி மணிமுத்தாற்றோடும், மணிமுத்தாறு வெள்ளாற்றோடும் கலந்து, அவ்வெள்ளாறு கடலில் விழும் இடமே பரங்கிப்பேட்டை என்பதை நினைக்கும்போது, நம் மலையின் தண்ணீர் சென்ற திசையிலேயே நம் மலைநாட்டின் தொழிலும் இடம்பெயரத் தொடங்கியது எனலாம்.

ஆயினும் அந்த ஆலை நிலைத்து வேரூன்றவில்லை. கனிமம் சேலம் ஜில்லாவிலிருந்து வெகுதூரம் வரவேண்டியிருந்தது. கரிக்கோ சுற்றுப்புறக் காடுகள் வெட்டப்பட்டன. காடு குறையக் குறையக் கரி வரும் தூரம் கூடிற்று. தூரம் கூடக் கூட இரும்பின் அடக்கவிலை ஏறிற்று. ஊதுலையை அணையவிட்டால் உள்ளே உறைந்துபோகும் பொருளைப் பெயர்ப்பதும், தீச்செங்கல் சுவரை மறுபடி கட்டுவதும் இரண்டு ஆட்களும் ஒரு கூடை மண்ணும் முடிக்கிற வேலையல்ல. மூலதனமும் அனுபவம் மிக்க தொழில்வல்லுநரும் அதற்கு வேண்டும். ஹீத்தோ 1839இல் எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றும், அதன் பலனை அனுபவிக்காமல் வழக்குகளில் அல்லலுற்று 1851இல் காலமானார். 1853இல் ‘கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி’ என்ற பெயரில் தொழில் புத்துயிர் பெற்றும், 1874இல் அந்தக் கம்பெனியும் கலைந்தது.

கிராமத்து மண் உலைகள் அதற்குப் பின்னும் சிலகாலம் புகைந்துகொண்டிருந்தன. 1892இல் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ஹாலண்டு என்ற அறிஞர் சேலம் ஜில்லாவின் இரும்புக் கனிமங்களையும் இரும்புத் தொழிலையும் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஆனால் அதற்குள் இரண்டு பெரும் காரணங்கள் அவ்வுலைகளைச் சூழ்ந்துவிட்டன. ஒன்று, 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில்பாதை உள்நாடெங்கும் படர்ந்து, சீமை இரும்பைச் சந்தைதோறும் மலிவாகக் கொண்டுவந்து இறக்கியது. மற்றொன்று, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை ஒதுக்குக் காடாக்கிக் கரிமூட்டம் போடுவோரின் பழைய சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தியது. உலையின் சுவரைச் செப்பனிட மண் என்றும்போல் ஏரிக்கரையில் கிடந்தது. அதற்குள் இடக் கரிதான் கிடைக்கவில்லை. கிடைத்த கரியும் சீமை இரும்போடு போட்டியிடும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை.

எனவே அந்தத் தொழில் நம்மவரின் அறியாமையால் அழிந்தது என்று சொல்வோர் சரித்திரத்தை அரைகுறையாகப் படித்தவர்கள். பழுதுபார்க்கும் செலவை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்ட சாதுரியம் அந்தக் கொல்லரிடம் இருந்தது. பெருமூலதனத்தோடு வந்த ஆலைக்கும் ஒரு கூடை மண்ணோடு வந்த உலைக்கும் முடிவு ஏறத்தாழ ஒரே காரணத்தால் நேர்ந்தது: இரண்டும் காட்டை உண்டே வாழ்ந்தன, காடு கைவிட்டபோது இரண்டும் அணைந்தன. ஓர் உலையின் மெய்யான செலவு அதன் சுவரில் இல்லை. அதன் வயிற்றில் இருக்கிறது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்தில் புதிய வீடுகள் எழுகின்றன; மேட்டு நிலங்கள் சமப்படுத்தப்படுகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது கறுத்துக் கனத்த இரும்புக் கிட்டமோ, உள்ளே கண்ணாடிபோல் உருகிப் படிந்த மண்குழாய்த் துண்டோ, கிண்ணம்போன்ற மூசையின் உடைசலோ மண்வெட்டியில் தட்டுப்பட்டால், அதைப் பள்ளம் நிரப்பும் கல்லென்று எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் மனையின் அடியில் கிடப்பது, இந்த நாட்டின் கைத்தொழில் அறிவைப் பற்றி எழுதப்படாமற்போன ஏடு. அதைக் காப்பதற்கு உங்களுக்கு ஒரு காசும் செலவில்லை.