பண்ணைச் சுற்றுலாவும் பஞ்சமி நிலமும்

நகரத்துக் குடும்பம் பணம் கட்டி இரண்டு நாள் கிராமத்தில் தங்கும். நாற்று நடும், மாட்டுவண்டி ஏறும், வாழையிலையில் சாப்பிடும். இதுதான் பண்ணைச் சுற்றுலா. மகாராஷ்டிர அரசு 2020இல் இதற்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் சூழல் சுற்றுலாவுக்கும் ஊரக, தோட்டச் சுற்றுலாவுக்கும் முன்னுரிமை தருகிறது.

விவசாயிக்குக் கூடுதல் வருமானம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பண்ணை நடத்த நிலம் வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கேள்வி பழையது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றிப் பண்ணையாட்களாகக் கிடப்பதை அரசுக்கு அறிக்கையாக அனுப்பினார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையில் தொடங்கியதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கடனுக்கும் மிரட்டலுக்கும் கைமாறியது. மீட்கப் போனவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அதே செங்கல்பட்டுக் கடற்கரைச் சாலையில்தான் இன்று சொகுசு விடுதிகள் வரிசைகட்டி நிற்கின்றன.

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பதோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நிலையில் பண்ணைச் சுற்றுலாவுக்கு மானியம் கொடுத்தால் அது பட்டாதாரருக்குத்தான் போகும். பரம்பரையாக நாற்று நட்டவர், சுற்றுலாப் பயணிக்கு நட்டுக் காட்டும் கூலியாகவே நிற்பார்.

சுற்றுலாவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். சுற்றுலாத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த நிலம் பஞ்சமி நிலமா என்று சரிபார்க்க வேண்டும். மீட்ட நிலத்தில் தலித் பெண்கள் கூட்டுறவாகப் பண்ணை நடத்த முதல் மானியம் அவர்களுக்கே வர வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1980களின் நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தப் பெயர் மறைந்தது, எந்தப் பெயர் ஏறியது என்பது தெரியும். நம் வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.