ஹிமா: மூடப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் வரலாறு

 



ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று வந்தவர்கள் ஒன்றை அனுபவத்தில் அறிவார்கள். இஹ்ராம் அணிந்த கணத்திலிருந்து தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவது ஹராமாகிவிடுகிறது. இஹ்ராமிலிருந்து வெளியேறியதும், ஹரம் எல்லைக்கு வெளியே அது மீண்டும் ஹலாலாகிறது. ஐந்தாவது அத்தியாயமாகிய ஸூரத்துல் மாயிதா இச்சட்டத்தைத் தெளிவாக விளக்குகிறது. அனுமதிக்கப்பட்ட ஒரு பொருளை ஒரு காலம் வரை விலக்கி வைத்து, பிறகு திறந்துவிடும் இந்த ஒழுங்கு நிலத்தின் விஷயத்திலும் நம் முன்னோரிடம் இருந்தது. அதன் பெயர் ‘ஹிமா’. ‘பாதுகாக்கப்பட்ட இடம்’ என்பது அதன் பொருள்.

இன்று உலகின் பல நாடுகளில், அழிந்துவரும் காடுகளையும் புல்வெளிகளையும் மீட்பதற்காக அரசுகள் பொது நிலங்களைச் சில காலம் மூடி வைக்கின்றன. அப்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: “எல்லோருக்கும் உரிய நிலத்தை மூட இவர்கள் யார்?” நியாயமான கேள்விதான். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு (நூல்: அபூதாவூத்). அப்படியிருக்க, புல்லை மூடி வைப்பது எப்படிக் கூடும்? இதற்கான விடை ஹிமாவின் வரலாற்றில் இருக்கிறது.

அறியாமைக் காலத்து ஹிமா

இஸ்லாத்திற்கு முன்பும் அரபுகளிடம் ஹிமா இருந்தது. ஆனால் அது வலியவனின் ஹிமா. செழிப்பான நிலத்திற்கு வரும் தலைவன் உயர்ந்த இடமொன்றில் நாயைக் குரைக்கச் செய்வான். அதன் சத்தம் எட்டும் தூரம் வரை எல்லாத் திசைகளிலும் அவனுக்கே சொந்தம். அங்கே பிறர் கால்நடை மேயக் கூடாது. மற்றவர்கள் மேய்க்கும் வெளியிலோ அவன் மந்தையும் சேர்ந்து மேயும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வழக்கத்தை எடுத்துரைத்துள்ளார்கள்.

தஃக்லிப் குலத் தலைவன் குலைப் இதில் பேர் பெற்றவன். அவனது ஹிமாவில் பஸூஸ் என்ற பெண்மணியின் பொறுப்பிலிருந்த ஒட்டகம் ஒன்று நுழைந்தது. அவன் அதை அம்பெய்து வீழ்த்தினான். அதற்குப் பழியாக ஜஸ்ஸாஸ் என்பவன் குலைபைக் கொன்றான். பக்ர், தஃக்லிப் என்ற இரு குலங்களுக்கிடையே மூண்ட போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக அரபு வரலாறு கூறுகிறது. ஒருவன் தன் சுயநலத்திற்காக மூடிய புல்வெளி இரு சமுதாயங்களின் இரத்தத்தைக் குடித்தது.

அண்ணலார் செய்த மாற்றம்

நபி (ஸல்) அவர்கள் ஹிமாவை அடியோடு ஒழிக்கவில்லை. அதன் உரிமையாளனை மாற்றினார்கள். அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்குமே அன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என்று அறிவித்தார்கள் (நூல்: புகாரி). இனி எந்தத் தலைவனும் தனக்காக நிலத்தை மூட முடியாது. பொது நன்மைக்காக மட்டுமே மூடலாம். மதீனாவுக்குத் தெற்கே ‘நகீஃ’ என்ற பள்ளத்தாக்கை முஸ்லிம்களின் குதிரைகளுக்காக நபியவர்கள் பாதுகாத்தார்கள். அது அவர்களின் சொந்த மந்தைக்கானதன்று.

ஃபுகஹாக்கள் இதிலிருந்து நிபந்தனைகளை வகுத்தார்கள். மூடுபவர் முறையான ஆட்சியாளராகவோ அவரால் நியமிக்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். நோக்கம் பொது நன்மையாக இருக்க வேண்டும். மூடுவதால் மக்கள் நெருக்கடிக்கு ஆளாகக் கூடாது. கிடைக்கும் நன்மை ஏற்படும் இழப்பை விட அதிகமாக இருக்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்களும் வாயில்காப்பாளரும்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஆட்சிப் பரப்பு விரிந்தது. பைத்துல்மாலின் ஒட்டகங்களும் பெருகின. மதீனாவுக்குக் கிழக்கே ரபதா என்ற இடத்தை அவர்கள் ஹிமாவாக்கினார்கள். அபூதர் (ரலி) அவர்கள் தம் இறுதி நாட்களைக் கழித்த அதே ரபதாதான்.

ஹிமாவின் பொறுப்பாளராகத் தம்மால் விடுதலை செய்யப்பட்ட ஹுனைய் என்பவரை நியமித்தபோது அவர்கள் கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இதுதான்: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சு. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்ஃபானின் மந்தையையும் விட்டுவிடாதே. அவர்களின் கால்நடைகள் மடிந்தாலும் தோட்டமும் விளைநிலமும் அவர்களுக்கு இருக்கின்றன. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம் வந்து நிற்பான். அப்போது நான் அவனைக் கைவிட முடியுமா? தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு எளிது.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்ஃபான் (ரலி) இருவரும் சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள். அவர்களின் மந்தைக்குக் கதவு அடைபட்டது. பெயர் தெரியாத ஓர் ஏழை இடையனுக்குத் திறந்தது! இது அவர்களின் கண்ணியத்தைக் குறைப்பதன்று. இழப்பைத் தாங்கும் வலிமை யாருக்கு உண்டு என்று பார்த்த நீதி. அதே அறிவுரையில், இந்நிலம் மக்களுடைய நிலம் என்பதையும், பொதுத் தேவை இல்லையெனில் ஒரு சாண் கூடத் தாம் மூடியிருக்க மாட்டார்கள் என்பதையும் உமர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மூடும் அதிகாரம் உள்ளவர் மூடுவதற்கு அஞ்சினார். ஹிமாவின் உயிர் அந்த அச்சத்தில்தான் இருக்கிறது.

மூடியதும் திறந்ததும்

பிற்காலத்தில் அரபு தீபகற்பத்தின் ஊர்களும் குலங்களும் தத்தம் ஹிமாக்களைப் பேணி வந்தன. மேய்ச்சல் நில வல்லுநர் உமர் தர்ராஸ் 1960-களில் அவற்றை ஆராய்ந்து ஐந்து வகைகளாகப் பிரித்தார். சிலவற்றில் மேய்ச்சல் அறவே கிடையாது. குறித்த காலத்திலும் வறட்சியிலும் புல்லை அறுத்துக்கொள்ளலாம். சில, குறித்த பருவத்தில் மட்டும் திறக்கப்படும். சிலவற்றில் ஆண்டு முழுவதும் மேய்க்கலாம். ஆனால் எந்தக் கால்நடை, எத்தனை என்பதற்கு வரம்பு உண்டு. சில, தேனீக்களுக்காக: பூக்கும் பருவம் முடியும் வரை, ஆண்டில் ஐந்து மாதங்கள், மேய்ச்சலுக்கு மூடப்பட்டிருக்கும். சில, மரங்களுக்காக.

இதன் பின்னாலுள்ள அறிவு எளியது. பூத்து விதை விடுவதற்கு முன்பே மேயப்பட்ட புல்லுக்குச் சந்ததி இல்லை. மீண்டும் மீண்டும் கடிக்கப்பட்டால் வேரில் சேமித்த சத்தும் தீர்ந்துவிடும். குளம்புகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது; வழிந்தோடிவிடும். ஓய்வு கொடுத்தால் வேர் தேறும், விதை விழும், மண் நீரைப் பிடிக்கும். அதன் பிறகு அளவோடு மேய்த்தால் நிலம் தாங்கும்.

1953-இல் சவூதி அரேபியாவில் குலங்களின் ஹிமாக்கள் நீக்கப்பட்டு, மேய்ச்சல் வெளி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சமத்துவமே அதன் நோக்கம். ஆனால் பழைய காவலுக்குப் பதிலாகப் புதிய காவல் ஏற்படவில்லை. லாரிகளில் தண்ணீரும் மந்தைகளும் பாலைவனத்தின் எந்த மூலைக்கும் வந்து சேர்ந்தன. எல்லோருக்கும் உரியது என்றானது, யாருடைய பொறுப்பும் இல்லாதது என்றாகிவிட்டது. பல இடங்களில் வெளி தரிசானது.

வேட்டையும் கட்டுக்கடங்காமல் போயிற்று. அரபுக் கவிஞர்கள் பாடிய வெண்ணிற மான் ‘ஓரிக்ஸ்’, 1972-இல் ஓமானில் கடைசிக் கூட்டமும் வேட்டையாடப்பட்டதோடு இயற்கையில் இல்லாமலாயிற்று. கூண்டுகளில் மட்டுமே எஞ்சியது.

அதன் பிறகு சவூதி அரசு 1986-இல் வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. தாயிஃபின் வடகிழக்கே ‘மஹாஸத் அஸ்ஸைத்’ என்ற இடத்தில் இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் மேய்ச்சலுக்கு மூடப்பட்டு வேலியிடப்பட்டது. புல்லும் புதரும் தேறின. 1990-இல் ஓரிக்ஸ் அங்கே மீண்டும் விடப்பட்டது. 2011-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதன் அபாய நிலையை ஒரு படி குறைத்து அறிவித்தது.

ஆனால் இன்னொரு உண்மையையும் மறைக்கலாகாது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த வேலிக்குள் நூற்றுக்கணக்கான மான்கள் பட்டினியால் மடிந்தன. மழையைத் தேடிப் போகும் இயல்புள்ள பிராணிக்கு வேலியே தடையாயிற்று. ஆக, மூடிவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. மூடியவர் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜோர்தானில் ஸர்கா நதிப் படுகையிலுள்ள பனீ ஹாஷிம் ஊரார் இன்னொரு வழியைக் காட்டினர். 2010-ஐ ஒட்டி, அரசு நிலத்தில் சுமார் 100 ஹெக்டேரைப் பேணும் பொறுப்பு ஊராரிடமே தரப்பட்டது. தங்கள் ஆடுகளைத் தாங்களே தடுத்து நிலத்திற்கு ஓய்வு கொடுத்தார்கள். மறைந்திருந்த மூலிகைகள் மீண்டும் முளைத்தன. மூடியவர்களும் காத்திருந்தவர்களும் ஒருவரே என்பதால் அங்கே வேலிக்கு அவசியம் குறைந்தது.

நமக்கான பாடம்

அன்பர்களே! நிலத்தை மூடுவது தானாக நீதியும் ஆகாது, அநீதியும் ஆகாது. குலைபும் மூடினான்; உமர் (ரலி) அவர்களும் மூடினார்கள். யாருக்காக மூடப்படுகிறது? இழப்பை யார் சுமக்கிறார்கள்? எப்போது, யாருக்கு முதலில் திறக்கப்படும்? இந்த மூன்றுமே அவ்விருவரையும் வேறுபடுத்துகின்றன.

ஏழையின் ஆட்டை விரட்டிவிட்டுச் செல்வந்தரின் வாகனத்தை உள்ளே விடும் பாதுகாப்பு, பெயர் எதுவானாலும், குலைபின் ஹிமாதான். அதை நாகரிகமாக எடுத்துச் சொல்வது நம் கடமை. அதேநேரத்தில், உண்மையிலேயே பொது நன்மைக்காக மூடப்பட்ட இடத்தில், “நான் ஒருவன் நுழைந்தால் என்ன?” என்று கேட்பவர், தம் மந்தையோடு வெளியே நின்ற அந்த மாபெரும் ஸஹாபாக்களை நினைத்துப் பார்க்கட்டும்.

இஹ்ராமில் கையருகே வந்த வேட்டையை விட்டுவிடக் கற்ற சமுதாயத்திற்கு, ஒரு பருவம் புல்லுக்காகக் காத்திருப்பது பாரமாகாது.

பொது அமானிதங்களைப் பேணுவோராகவும், எளியோரின் துஆவுக்கு அஞ்சுவோராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.