பாரன் தீவும் ‘சப்ளைம்’ என்னும் கலைச்சொல்லும்

புனைவியல் கால நிலக்காட்சி ஓவியம் பற்றிய நூல்களைத் தமிழாக்குவோர் ‘சப்ளைம்’ என்னும் கலைச்சொல்லை ‘உன்னதம்’, ‘மேன்மை’ எனப் பெயர்ப்பதுண்டு. இவை உயர்வைச் சுட்டுகின்றன, அச்சத்தைச் சுட்டவில்லை. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வுணர்வுக்கு அச்சமே அடிப்படை என்றும், ஆபத்து மிக நெருங்காத நிலையிலேயே அச்சம் இன்பம் பயக்கும் என்றும் விளக்கினார். இவ்விரு கூறுகளையும் அந்தமான் வரலாற்றுச் சான்றொன்றில் காணலாம்.

போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் உள்ளது பாரன் தீவு. அதன் உச்சியில் புகை எழுவதை 1787இல் கப்பலிலிருந்து கண்டவர் ராபர்ட் ஹைட் கோல்புரூக். நில அளவையாளரான இவர், மைசூர் நாட்டுக் காட்சிகள் பன்னிரண்டை வரைந்து வெளியிட்ட ஓவியரும் ஆவார். 1789இல் அத்தீவை அணுகிய ஆர்ச்சிபால்டு பிளேர், செந்தழலாய் வீசப்பட்ட கற்களுள் சில மூன்று, நான்கு டன் எடையின எனப் பதிவு செய்தார். எரிமலைக் கூம்பின் சரிவு 32 பாகை 17 கலை. உயரம் ஏறத்தாழ 1800 அடி என்பது அவர் கணக்கு. இக்குறிப்பைக் கோல்புரூக் ‘ஆசியாடிக் ரிசர்ச்சஸ்’ நான்காம் தொகுதியில் (1795) வெளியான தம் கட்டுரையில் சேர்த்தார்.

இன்றைய அளவையில் தீவின் உச்சி ஏறத்தாழ 354 மீட்டர், அதாவது சுமார் 1160 அடியே. கூம்பின் உயரம் இடையில் மாறியிருக்கலாம். ஆயினும், தீவின் பிற பகுதிகளும் அதே உயரத்தன என்று பிளேர் கூறியிருத்தலின் அவரது அளவு மிகைப்பட்டது என்றே கொள்ள வேண்டும். அது கருவியின் பிழையாகலாம். பெருமையைக் கண்ட கண்ணின் மயக்கமும் ஆகலாம். ஓவியர் டர்னரோ 1817இல் வெசுவியசின் சீற்றத்தைத் தீட்டியபோது அம்மலையை நேரில் கண்டதே இல்லை. அளவையாளர்க்குக் கப்பல் தந்த இடைவெளியை ஓவியர்க்குக் கற்பனை தந்தது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் மருட்கையையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவை அச்சத்தின் நிலைக்களன்கள்; புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவை மருட்கைக்கு உரியன. மலையின் பேருருவம் இவ்வகுப்பில் மருட்கையின்பாற்படும். பர்க் கூறும் உணர்வோ இரண்டையும் ஒருங்கே தழுவியது.

இடைவெளி நீங்கின் அச்சம் மட்டுமே எஞ்சும். 1858 முதல் இத்தீவுகளுக்குக் கைதிகளாய்க் கொண்டுவரப்பட்டோர்க்கு இதே கடல் ‘காலாபானி’ ஆயிற்று. அவர்கள் அதனைத் தொலைவில் நின்று நோக்கும் நிலையினர் அல்லர். எனவே, பர்க்கின் வழிவந்த பனுவல்களில் ‘அச்சமருட்கை’ என்னும் தொடர் பொருந்தும். ‘உன்னதம்’ என்பதை அச்சக் கூறு இல்லாத இடங்களுக்கு வரையறுத்துக்கொள்வது மொழிபெயர்ப்பில் பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும்.