வெள்ளைக் குதிரைக்கு முந்தைய நாட்கள்

கால்பந்து வரலாற்றில் சிறிதளவேனும் ஆர்வமுள்ளவர்கள் அந்தப் புகைப்படத்தை எங்கேனும் பார்த்திருப்பார்கள். ஆடுகளம் முழுவதும் தொப்பியணிந்த தலைகள். நடுவே ஒரு வெள்ளைக் குதிரை. அதன்மேல் ஒரு காவலர். 1923 ஏப்ரல் 28, லண்டனின் வெம்ப்ளி அரங்கம். போல்டன் வாண்டரர்ஸ் அணியும் வெஸ்ட் ஹாம் யுனைடெட் அணியும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். காவலரின் பெயர் ஜார்ஜ் ஸ்கோரி, குதிரையின் பெயர் பில்லி. பில்லி உண்மையில் சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில்தான் வெண்ணிறமாயிற்று என்ற செய்தியும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. குதிரையைச் சற்று ஓரமாக நிறுத்திவைப்போம். நாம் பேச விரும்புவது அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தார் அந்த ஆட்டத்தை எந்த மனநிலையில் எதிர்நோக்கியிருந்தார்கள்? விடை சற்று விசித்திரமானது. கூட்டம் வராமல் போய்விடுமோ என்று அஞ்சியிருந்தார்கள்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. முதல் உலகப்போருக்கு முன் இறுதியாட்டம் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடந்துவந்தது. 1913இல் அங்கே 1,20,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். போர்க்காலத்தில் அந்த வளாகத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் ஆட்டம் செல்சி அணியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்துக்கு மாறியது. 1920இல் 50,018 பேர், 1921இல் 72,805 பேர், 1922இல் சுமார் 53,000 பேர். மூன்று ஆண்டுகளும் அரங்கம் நிறையவில்லை. இப்போது 1,25,000 பேருக்கு மேல் கொள்ளும் ஒரு புதிய அரங்கைக் கையில் கொடுத்தால் எவருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனாலும் 1913 என்ற எண் அவர்களுடைய ஏடுகளிலேயே இருந்தது. அதைவிட அண்மைய மூன்று ஆண்டுகளை நம்பினார்கள் என்பதே நமக்கு வியப்பு.

வெம்ப்ளி என்ற இடத்துக்கும் ஒரு பழைய அவப்பெயர் உண்டு. மெட்ரோபாலிட்டன் ரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் எட்வர்ட் வாட்கின், பாரிஸின் ஐஃபல் கோபுரத்தை விஞ்சும் ஒரு கோபுரத்தை அங்கே எழுப்பத் தொடங்கினார். கோபுரம் பார்க்க மக்கள் தம் ரயிலில் வருவார்கள் என்பது கணக்கு. முதல் அடுக்கு மட்டும் எழுந்தது; 1896இல் திறந்தார்கள்; எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வரவில்லை. 'வாட்கினின் மடமை' என்று ஊர் சிரித்தது. 1907 வாக்கில் அதைத் தகர்த்தே அப்புறப்படுத்தினார்கள். பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்கென எழுந்த 'எம்பயர் ஸ்டேடியம்' அமைந்தது அதே மண்ணில்தான். பல ஆண்டுகள் கழித்து, பழைய அரங்கை இடித்துப் புதியதைக் கட்டியபோது, கோபுரத்தின் அடித்தளம் பூமிக்குள்ளிருந்து தலைகாட்டியது.

கண்காட்சி 1924இல்தான். அரங்கம் முந்திக்கொண்டது. சுமார் 300 நாட்களில், 7,50,000 பவுண்டு செலவில், இறுதியாட்டத்துக்கு நான்கே நாட்கள் இருக்கையில் வேலை முடிந்தது. கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கப் பெருந்திரளான ஆட்களை நிற்கும் படிகளில் ஏற்றி, ஒருசேரக் காலடி வைக்கச் செய்தார்கள். இதன் பின்னால் 1902 கிளாஸ்கோவின் நிழல் விழுந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அவ்வாண்டு ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டத்தின்போது மரத்தாலான படிகள் உடைந்து 25 பேர் மாண்டார்கள். ஆகவே காங்கிரீட் தாங்குமா என்று சோதித்தார்கள். வாயில் தாங்குமா என்பதைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

களமிறங்கவிருந்த அணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போல்டன் வடக்கே லங்காஷயரின் பருத்தி ஆலை நகரம். அதன் அணி 1894, 1904 ஆகிய ஆண்டுகளில் இறுதிவரை வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தது. வெஸ்ட் ஹாம், தேம்ஸ் கரையின் கப்பல் கட்டும் பட்டறையொன்றின் தொழிலாளர் அணியாக 1895இல் பிறந்தது. 1912இல் பட்டறை மூடப்பட்டது, அணி நிலைத்தது. 1923இல் அது இன்னும் இரண்டாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஏழை கிழக்கு லண்டனின் அணி, தன் நகரத்திலேயே, புத்தம்புது அரங்கில், அரசர் முன்னிலையில் கோப்பைக்கு ஆடப்போகிறது. இந்த ஒன்றே அப்பகுதித் தெருக்களைக் காலிசெய்யப் போதுமானது என்பதை ஒரு துறைமுகக் கூலியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

சங்கத்தார் அப்படி யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. மாறாக, விளம்பரம் செய்தார்கள். அனைவரும் வரலாம், இடம் தாராளமாக உண்டு என்ற தொனியில் பெரிய அளவில் அழைப்பு விடுத்தார்கள். முன்கூட்டிச் சீட்டு விற்றது இருக்கைகளின் ஒரு பகுதிக்கு மட்டுமே. மற்றவர்கள் வாயிலில் காசு கொடுத்து உள்ளே போகலாம். அன்றைக்கு வானமும் தெளிந்திருந்தது.

காலை 11.30க்கு வாயில்கள் திறந்தன. பிற்பகல் 1.45க்கு மூடச் சொன்னார்கள். செய்தி ரயில் நிலையங்களுக்கு எட்டிய பின்னும் வண்டிகள் மனிதர்களை இறக்கிக்கொண்டே இருந்தன. வெளியே நின்றவர்கள் சுவர் ஏறினார்கள், தடுப்புகளை உடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் நசுங்காமல் தப்ப வேறு வழியின்றி ஆடுகளத்தில் இறங்கினார்கள். போல்டன் வீரர்கள் பேருந்தை விட்டிறங்கி ஏறத்தாழ ஒரு மைல் நடந்தே அரங்கை அடைந்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கு 1,26,047. உண்மையில் 2,00,000 என்பாரும் 3,00,000 என்பாரும் உண்டு.

ஸ்கோரியும் பில்லியும் பிற குதிரைக் காவலர்களும் கூட்டத்தைக் கோடுவரை தள்ளியபின், முக்கால் மணி தாமதமாக ஆட்டம் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்திலேயே டேவிட் ஜாக் போல்டனுக்காக முதல் கோலை அடித்தார். அப்போது வெஸ்ட் ஹாமின் ட்ரெசடர்ன் பந்தை எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் சிக்கி, களத்துக்குத் திரும்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் வீரர்களால் உடைமாற்றும் அறைக்கே போக முடியவில்லை. முடிவு 2-0, போல்டனுக்கு.

ஏறத்தாழ 1,000 பேர் காயமடைந்தார்கள், 22 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒருவரும் இறக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் பிற்பாடு வினையாயிற்று. அரசரைக் கண்டதும் கூட்டம் கீதம் பாடியது, ஒற்றைக் குதிரைக்குக் கட்டுப்பட்டது, ஆங்கிலேயப் பொறுமையே பொறுமை என்று ஒரு இனிய கதை உருவாகிவிட்டது. பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. முன்னாள் உள்துறை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட் தலைமையிலான குழு 1924இல் அறிக்கை அளித்தது. சட்டம் எதுவும் பிறக்கவில்லை. இடம் கிடைக்காமல் போன சீட்டுக்காரர்களுக்கு, வசூலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைச் சங்கம் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து இறுதியாட்டத்துக்கு முன்பதிவுச் சீட்டு கட்டாயமாயிற்று. ஏற்பாடு இறுதியாட்டத்துக்கு மட்டுந்தான். ஏனைய மைதானங்கள் பழையபடியே வாயிலில் காசு வாங்கின.

அவற்றுள் ஒன்று போல்டனின் சொந்த மைதானமான பர்ன்டன் பார்க். 1946 மார்ச் 9 அன்று அங்கே அதே கோப்பைக்கான காலிறுதி. எதிரணி ஸ்டோக் சிட்டி. ஸ்டான்லி மேத்யூஸைப் பார்க்கும் ஆவல் வேறு. போர் முடிந்து முதல் கோப்பைப் பருவம். ஏறத்தாழ 85,000 பேர் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். வாயில்களை மூடிய பின்னும் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பிகள் சரிந்து 33 பேர் இறந்தார்கள். ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். இறந்தவர்களைக் கோட்டோரமாகக் கிடத்தி, மேலங்கிகளால் மூடி, மரத்தூளால் எல்லைக்கோட்டைப் புதிதாக வரைந்து, மீண்டும் ஆடினார்கள். யாரும் கோல் அடிக்கவில்லை.