இரத்த அழுத்த மாத்திரை நினைவாற்றலைக் காக்குமா?

உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கும். மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் படிப்படியாகப் பாதிக்கப்படலாம். ஆகவே, வழக்கிலுள்ள இரத்த அழுத்த மருந்துகள் முதியோரின் நினைவைக் காக்குமா என ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அல்சைமர் எனும் மறதி நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு லோசார்டன் மாத்திரையை ஓராண்டு அளித்து இங்கிலாந்தில் ஆய்வு செய்தனர். மூளை சுருங்குவதை அம்மாத்திரை குறைக்கவில்லை என 2021-இல் தெரியவந்தது.

நோய் வருமுன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் நம்பிக்கை தெரிகிறது. 50 வயதைக் கடந்த 9,361 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழ் வைக்க முயன்ற பிரிவினரிடம், 140-க்குக் கீழ் வைத்திருந்தோரைவிட, லேசான நினைவுக் குறைபாடு 19 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது (2019). சீனக் கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம் நடந்த ஆய்வில், கிராம மருத்துவர்கள் நான்கு ஆண்டுகள் அழுத்தத்தைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியதால் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது (2025).

ஆக, நினைவைக் காக்கும் தனி மாத்திரை எதுவும் இவற்றில் உறுதியாகவில்லை. அழுத்தம் தொடர்ந்து கட்டுக்குள் இருப்பதே பயன் தருகிறது.

நோயாளிகள் கவனத்திற்கு

• அழுத்தம் இயல்பாக உள்ளவர்கள் நினைவாற்றலுக்காக இம்மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது. அழுத்தம் மிகக் குறைந்தால் தலைசுற்றி விழ நேரிடும்.
• 120 என்ற அளவு எல்லா முதியோருக்கும் பொருந்தாது. உங்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்வார்.
• உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
• ஆலங்குளம் பகுதியில் பீடி சுற்றுவோரும் விவசாயக் கூலிகளும் ஒருநாள் கூலி போய்விடும் என்று மாத்திரை வாங்க வருவதைத் தள்ளிப்போட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுவது குறித்து, உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

பராமரிப்போர் கவனத்திற்கு

• மறதி உள்ளவர் மாத்திரையை விட்டுவிடலாம், இருமுறையும் உட்கொள்ளலாம். நீங்களே கையில் கொடுத்து, நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.
• பழகிய வழி மறத்தல், பணத்தை எண்ணத் தடுமாறுதல் ஆகியவற்றை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் தளர்தல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள்.