கொக்கி உளியும் மரக்கிண்ணமும்: இங்கிலாந்தின் கழிக் கடைசல்

மண்பாண்டமும், வெள்ளீயத்தைப் பெரும்பங்காகக் கொண்ட பியூட்டர் என்னும் கலப்புலோகப் பாத்திரமும் எளியவர் வீடுகளை எட்டுவதற்கு முன், வட ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் உண்டதும் பருகியதும் மரவைகளில்தான். ஆயினும் மரம் மட்கிவிடும் பொருளாதலால் அகழாய்வுகளில் மட்பாண்டச் சில்லுகளே குவிந்தன. பழங்காலச் சமையலறையைப் பற்றிய பொதுச் சித்திரமும் அதற்கேற்ப ஒருபுறமாகச் சாய்ந்துபோனது. இங்கிலாந்தின் யார்க் நகரில், கோப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு இந்தச் சாய்வை ஓரளவு நிமிர்த்தியது. ஈரம் காயாத அந்த மண்ணில், வைக்கிங்குகள் குடியேறிய காலத்தைச் சேர்ந்த கடைந்த கிண்ணங்களுடன், கிண்ணத்தின் உட்புறத்தைக் குடையும்போது நடுவில் எஞ்சும் கூம்பு வடிவக் கழிவுக்கட்டைகளும் கிடைத்தன. கிண்ணம் எங்கிருந்தும் வாங்கிவரப்பட்டிருக்கலாம். கழிவுக்கட்டையோ கடைசல் நடந்த இடத்திலேயே விழுந்து கிடப்பது. எனவே தொழிலின் வரலாற்றுக்கு முழுக் கிண்ணத்தைவிட இந்தக் குப்பையே உறுதியான சான்றாகிறது.

அக்கிண்ணங்களைத் தந்த கருவி கழிக் கடைசல் பொறி எனப்படுவது. வேலைக்குரிய மரக்கட்டை, எதிரெதிரே அமைந்த இரண்டு இரும்பு முனைகளுக்கிடையே பொருத்தப்படும். அதன் ஒரு முகத்தில் அடித்து இறுக்கிய உருளையில் கயிறு சுற்றப்பட்டு, கயிற்றின் மேல்நுனி தலைக்கு மேலே நீளும் வளைந்துகொடுக்கும் கழியிலும், கீழ்நுனி கால்மிதியிலும் கட்டப்படும். மிதியை அழுத்தினால் கட்டை கடைபவரை நோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலிழுக்க, கட்டை எதிர்த்திசையில் திரும்பும். தயிர் கடையும் மத்தைப் போலவே இதன் இயக்கமும் மாறிமாறி வருவது; ஆனால் உளி வெட்டுவது முன்சுழற்சியில் மட்டுமே. பின்சுழற்சியில் உளியை மயிரிழை அளவு விலக்கிக்கொள்ள வேண்டும். கயிற்றையோ வில்லையோ கொண்டு இவ்வாறு முன்னும் பின்னும் சுழற்றும் கடைசல் இந்தியாவிலும் நெடுங்காலம் வழக்கில் இருந்ததுதான்.

இத்தொழிலைப் புதிதாகக் கற்பவர் எதிர்கொள்ளும் உண்மையான தடை பொறியில் இல்லை, உளியில் இருக்கிறது. இத்தொழில் அழிந்ததும் மீண்டதும் அந்த உளியைச் சுற்றியே நிகழ்ந்தன. நாற்காலிக் கால் போன்ற நீள் உருப்படிகளுக்கு நேரான உளி போதும், கிண்ணத்தின் குழிவுக்கு அது எட்டாது. எனவே நீண்ட எஃகுக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, கொக்கிபோல் வளைத்து, விளிம்பைத் தீட்டி, நீர்மத்தில் தோய்த்துக் கடினமாக்கி, பின் மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்திய கொக்கி உளி தேவைப்பட்டது. கடினம் மிகுந்தால் கொக்கி முறியும், குறைந்தால் கூர் நிற்காது. வளைவு சற்று மாறினாலும் கிண்ணத்தின் அடியில் உளி சரியாகப் படியாது. இத்தகைய உளி கடைத்தெருவில் விற்கும் பொருளன்று என்பதால், கடைசல்காரர் பாதிக் கொல்லராகவும் இருக்க வேண்டியிருந்தது.

கடையும் முறைக்கும் சில அடிப்படை விதிகள் உண்டு. காய்ந்த மரத்தைவிட எளிதில் வெட்டுப்படும் பச்சை மரத்தையே எடுத்து, ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்து, கோடரியால் அரைக்கோளமாகச் செதுக்கிப் பொறியில் ஏற்றுவர். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடியை நோக்கியும் வெட்டினால்தான் நார்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிசிறின்றி அறும்; திசையை மாற்றினால் நார் பிய்ந்து, பரப்பு சொரசொரப்பாகும். கூர்முனைக்குப் பின்னுள்ள சாய்பரப்பு மரத்தின்மேல் உராய்ந்தபடியே இருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. அதை மறந்து முனையை மட்டும் நீட்டும் புதியவரின் உளி மரத்தில் மாட்டிக்கொள்ளும். மின்கடைசலில் இப்பிழை கட்டையைப் பிடுங்கி எறியவும் கூடும். கழிக் கடைசலில் விசை காலின் வலிமைக்குள் அடங்குவதால், பெரும்பாலும் பொறி நின்றுவிடுவதோடு சரி. இறுதியில் நடுக்கூம்பை முறித்து எடுத்து, அதன் அடித்தடத்தைக் கத்தியால் சீவுவர். உலரும்போது மரம் நாருக்குக் குறுக்கே கூடுதலாகச் சுருங்குவதால் கிண்ணம் மெல்ல நீள்வட்டமாகிவிடும். பழைய கிண்ணங்கள் முழுவட்டமாக இல்லாததைக் கைத்திறக் குறையாகக் கருதுவது தவறு.

நகரங்களில் இத்தொழில் சட்டத்தின் காவலுக்குள் வந்தது. 1563ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழிலுக்குக் குறைந்தது ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. லண்டன் கடைசல்காரர் சங்கம் 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் அரச சாசனம் பெற்றது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் மாலுமிகளின் மரக்கிண்ணங்கள் பல கிடைத்துள்ளன. தத்தம் கிண்ணத்தை அடையாளம் காண அவற்றின்மேல் அவர்கள் கீறிய குறிகளும் அழியாமல் உள்ளன. பின்வந்த நூற்றாண்டுகளில் பியூட்டரும், அதையடுத்து மலிவான பீங்கானும் மரக்கிண்ணத்தை மேசையிலிருந்து அகற்றின. அது பால்பண்ணை, மாவு பிசைதல் போன்ற வேலைகளுக்கு ஒதுங்கி, நாட்டுப்புறத்தில் சில குடும்பங்களின் தொழிலாகச் சுருங்கியது. சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்களும் கழிப் பொறியையே பயன்படுத்தியதால், அவர்களையும் கிண்ணக் கடைசல்காரர்களையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் உண்டு. பொறி ஒன்றாயினும் உளியும் திறனும் வேறு.

அக்குடும்பங்களில் கடைசியாக எஞ்சியது பெர்க்ஷயரின் பக்கிள்பரியில் வாழ்ந்த லெய்லி குடும்பம். ஜார்ஜ் லெய்லி (1869–1958) எல்ம் மரத்தைக் கடைந்தார். எல்மின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அது எளிதில் பிளக்காது. தாமே அடித்த கொக்கிகளைக் கொண்டு ஒரே கட்டையிலிருந்து, பெரியதற்குள் சிறியதாகப் பல கிண்ணங்களை வீணாக்காமல் பிரித்தெடுப்பது அவரது தனித்திறன். அதற்குக் கொக்கியின் வளைவும் கிண்ணத்தின் வளைவும் ஒத்திருந்தாக வேண்டும். பயண எழுத்தாளர் எச். வி. மார்ட்டன் தம் நூலில் அவரைப் பற்றி எழுதியது அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால் அப்புகழைக் கேட்டு வந்தவர்களில் எவரும் கொக்கியைக் கையில் எடுத்துத் தொழிலைத் தொடரவில்லை. மறையும் கைத்தொழிலைக் கண்டு உருகும் எழுத்து வாசகரை ஈட்டித் தருமே தவிர, மாணவரைத் தருவது அரிது.

அவரது மறைவுக்குப் பின் பொறியும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள இங்கிலாந்து நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1990களில் ராபின் வுட் என்பவர் அவற்றை நுணுகி ஆராய்ந்து, கற்றுக்கொடுக்க ஆளின்றியே தொழிலை மீட்கத் தொடங்கினார். கொக்கிகளின் வளைவை அளந்து பார்ப்பது ஒரு பகுதியே. அவற்றைத் தாமே செய்துகொள்ளக் கொல்லுவேலையையும் பயில வேண்டியிருந்தது. பழங்கிண்ணங்களின் பரப்பில் உளி விட்டுச்சென்ற மெல்லிய வரிகளும் அவருக்குப் பாடமாயின. லெய்லியின் மரம் மட்டும் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் வண்டுகளால் பரவிய டச்சு எல்ம் நோய் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்துவிட்டது. அதனால் இன்று கழிக் கடைசலில் கிண்ணம் கடையப் புகுவோர் பெரும்பாலும் ஆல்டர், பீச், சைக்கமோர் மரங்களைக் கொண்டே பழகுகின்றனர்.